முன்வரிசை உதட்டுக்காரர்

மேடையில் ஏறுகிறவர்களைப் பற்றி எழுதுவதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது மேடையில் ஏறாமல் கீழே இருந்தபடியே நடிக்கிறவர்களைப் பற்றி. இவர்களை நீங்கள் கட்டாயம் பார்த்திருக்கிறீர்கள். தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா, மனனப் போட்டி, நடன அரங்கேற்றம் என்று எங்கே ஒரு பிள்ளை ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்கிறதோ, அங்கே முன்வரிசையில் நடுநாயகமாக இரண்டு உதடுகள் அசைந்துகொண்டிருக்கும். சத்தம் வராது, அல்லது வராது என்று அந்த உதடுகளின் சொந்தக்காரர் நம்பிக்கொண்டிருப்பார். பிள்ளை கண்ணை உருட்டினால் இவரும் உருட்டுவார், பிள்ளை கையைத் தூக்கினால் இவர் மடியில் கிடக்கிற கையும் கொஞ்சம் எழும்பும், பிள்ளை மூச்சு வாங்குவதற்கு ஒரு கணம் நின்றால் இவருக்கு மூச்சே நின்றுவிடும், உடனே அடுத்த சொல் இவர் வாயிலிருந்து விழும். இவருக்கு நான் வைத்திருக்கிற பெயர் முன்வரிசை உதட்டுக்காரர்.

இவர்களில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. மேடை இல்லாத இடத்திலும் தொழில் பார்ப்பார்கள். டொக்டர் பிள்ளையைப் பார்த்து "எங்க நோகுது?" என்று கேட்டால், "வயித்துக்குள்ள, நேற்றிலயிருந்து" என்று பதில் வருவது யாரிடமிருந்து? விருந்தாளி குனிந்து "உங்கட பேர் என்ன?" என்று கேட்டால், பிள்ளை வாயைத் திறக்குமுன் பெயர், வகுப்பு, பிடித்த பாடம், நீச்சலில் வாங்கிய பதக்கம்வரை ஒப்புவித்து முடிப்பது யார்? எல்லாம் முடிந்த பிறகு, "பிள்ளை கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்று கவலைப்படுவதும் அதே ஆள்தான்.

ஒரு வீட்டில் இப்படி ஒருவர் இருந்தாலே பிள்ளை பாடு பெரும்பாடு. வீடு முழுக்க இருந்தால்? அந்த வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு.

நான் பத்மநாதன். வீடுகளுக்கு வயரிங் செய்கிற தொழில். சுவிஸில் சில காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து, காண்ட்ஸ் ஹில்லில் குடிபுகுந்த அன்று, பெட்டிகளைக்கூட இன்னும் இறக்கி முடிக்கவில்லை, ஒரு மனிதர் கதவைத் தட்டி, என் வேனில் எழுதியிருந்ததைக் காட்டி, "உங்களுக்கு மேடைக்கு லைற் போடத் தெரியுமோ?" என்று கேட்டார். அவர்தான் ஹோவர்ட் கெர்ஷன். பகலில் கண்ணாடிக் கடை. கடையைப் பூட்டினால் எங்கள் வட்டாரத்து நாடகக் குழுவின் டைரக்டர். அவருடைய மனைவி லொரெய்னுக்கு ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை, ஆனால் எந்த நாடகம் போட்டாலும் கதாநாயகி அவர்தான், கதாநாயகிக்கு வயது பதினெட்டு என்றாலும். லொரெய்னின் அண்ணன் ஸ்டான்லி மேடைக்குப் பக்கத்தில் திரை மறைவில் பிரதியோடு உட்கார்ந்து, நடிகர்கள் மறந்த வசனத்தை எடுத்துக் கொடுக்கிறவர். வெளியிலும் அப்படித்தான். அவரோடு கதைக்கும்போது நீங்கள் ஒரு சொல்லுக்காகத் தடுமாறினால் தொலைந்தீர்கள். உங்கள் வசனத்தை அவரே முடித்து, அதற்குப் பதிலையும் சொல்லிவிடுவார்.

இவர்கள் பேசுவதெல்லாம் ஆங்கிலம். ஆனால் என் காதுக்குள் எங்கட தமிழாகத்தான் விழும், அப்படியே தருகிறேன். ஹோவர்ட் இதை அறிந்தால் கோபிக்கமாட்டார். உச்சரிப்பைத் திருத்தத்தான் வருவார்.

அந்த வீட்டில் சும்மா நடப்பது என்று ஒன்றும் கிடையாது. குப்பைத் தொட்டியை வாசலுக்குக் கொண்டுபோவதற்கும் ஒரு பிரவேசம் உண்டு. சூப் கொதித்துவிட்டது என்று சொல்வதற்கு லொரெய்ன் கதவு நிலையில் ஒரு கையை ஊன்றி, எல்லாரும் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருப்பார். சம்பளத்தில் மிஞ்சுவது முழுக்க நாடக டிக்கெட்டுக்குப் போகும். வெஸ்ட் எண்ட் அரங்குகளில் உச்சாணியில் இருக்கிற மலிவான இருக்கைகளில் மூவரும் உட்கார்ந்து, கீழே புள்ளியாகத் தெரிகிற நடிகர்களோடு சேர்ந்து வாயசைப்பார்கள். கைதட்டலை எல்லாருக்கும் முன்னால் தொடங்குகிறவர் ஹோவர்ட், எல்லாருக்கும் பிறகு முடிக்கிறவரும் அவரே. சாப்பாட்டு மேசையில் கடலை சரியாக அவியவில்லை என்றால்கூட, "இரண்டாவது அங்கம் கொஞ்சம் தொய்ஞ்சு போச்சு" என்பார்.

இந்த வீட்டில் ஒரேயொரு ஆள் மட்டும் நடிக்கமாட்டாள். அவள் ஓர்லி, அவர்களுடைய ஒரே மகள். என் மகள் கோசிகாவின் வகுப்பு. நாடகக் குழுவில் என்னோடு லைற் பக்கம் நிற்பாள், வயர் சுற்றுவாள், விளக்கு மாற்றுவாள். ஏன் பிள்ளை நீ மேடைக்குப் போகவில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் போனனான் அங்கிள்," என்றாள். "சின்ன வகுப்பில ஒரு நாடகம். நான் நத்தை. எனக்கு ஒரேயொரு வசனம். நான் வாய் திறக்க முதல் அம்மா சொன்னா. பிறகு அப்பா சொன்னார். நான் ரெண்டு பேரையும் பாத்துக்கொண்டு நிக்க ஸ்டான்லி மாமா சொன்னார். சனம் கை தட்டிச்சுது."

"நீ சொல்லேல்லையோ?"

"நத்தைதானே. பேந்து சொல்லுவம் எண்டு விட்டிட்டன்." ஒரு விளக்கைத் துடைத்து என்னிடம் நீட்டினாள். "லைற் பக்கம் நிண்டா என்ர வசனத்தை ஒருத்தரும் சொல்லமாட்டினம் அங்கிள். எனக்கு வசனமே இல்லைதானே."

இப்படிப்பட்ட பிள்ளைக்குப் பதின்மூன்று வயது வந்தது. யூதப் பிள்ளைகளுக்கு அந்த வயதில் பாத் மிட்ஸ்வா என்று ஒரு சடங்கு. ஹோவர்ட் வந்து அழைப்பைச் சொன்னபோது என் மனைவி சிவனேஸ்வரி, "விளங்குது, விளங்குது, எங்கட சாமத்தியவீடு மாதிரி" என்றாள். நான் விசாரித்துவிட்டு, இது பெண் பெரியவளாகிற சடங்கல்ல, அன்றிலிருந்து பிள்ளை தன் நல்லது கெட்டதுக்குத் தானே பொறுப்பு என்று அர்த்தம், அதற்காகச் சினகொக் என்கிற அவர்களுடைய கோயிலில் எல்லார் முன்னாலும் நின்று வேதச்சுருளை இராகத்தோடு வாசிக்க வேண்டும் என்றேன்.

"பிள்ளையே வாசிக்கோணுமோ?"

"ஓம். பிள்ளைதான்."

"அது கஸ்டமப்பா. எங்கட பிள்ளையள் அந்தப் பெரிய கதிரையில சிரிச்சுக்கொண்டு இருந்தாக் காணும்," என்றாள்.

கஷ்டம்தான். அந்தச் சுருளில் மெய்யெழுத்துகள் மட்டும் இருக்கும். உயிரொலியும் கிடையாது, இராகக் குறியும் கிடையாது. எல்லாவற்றையும் மாதக் கணக்கில் மனதில் ஏற்றிக்கொண்டு போய், ஒரு வெள்ளிக் குச்சியால் வரியைத் தொட்டுத் தொட்டு வாசிக்க வேண்டும். இரண்டு பக்கமும் இரண்டு பெரியவர்கள் நிற்பார்கள். ஒரு சொல் பிழைத்தால் அவர்கள் சத்தமாகத் திருத்துவார்கள், பிள்ளை திரும்பச் சொல்ல வேண்டும். இதைக் கேட்டதும் ஸ்டான்லியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க இருட்டுக்குள் குசுகுசுத்த மனிதர். "சத்தமாவே சொல்லலாமோ?" என்று கேட்டார். அன்றே அந்த இடத்துக்குத் தன் பெயரைக் கொடுத்தார். ஓர்லி அன்றே சினகொக்கின் குருவான ரபாயிடம் போய் அந்தப் பெயரை வெட்டச் சொன்னாள்.

ஓர்லிக்கு வந்த பகுதி எது தெரியுமா? உலகத்தை வெள்ளம் மூடுவதும், ஒரு கப்பலில் மிருகங்கள் சோடி சோடியாக ஏறுவதும். எந்த வாரம் எந்தப் பகுதி என்பது முன்கூட்டியே வகுத்த ஒழுங்கு, யாரும் தெரிந்தெடுப்பதில்லை. ஆனால் ஹோவர்ட் அதைத் தனக்கென்றே வந்த அழைப்பாக எடுத்துக்கொண்டார். என்னிடம் ஓடி வந்து, "பத், இடி வேணும், மின்னல் வேணும்" என்றார். தகரத்தை ஆட்டினால் இடி, என்னுடைய லைற்றால் மின்னல், நாடகக் குழு முழுவதும் ஒட்டகமும் வாத்துமாக நடுவழியால் வருவது, கடைசியில் லொரெய்ன் வானவில் நிறத்தில் ஒரு பிரவேசம். ரபாய் ஒரு பெண்மணி, பொறுமைசாலி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மழை மட்டும் வெளியில பெய்தா நான் தடுக்கேலாது" என்றார்.

இடி போனது, ஒட்டகம் போனது. டைரக்டர் போவாரா? ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒத்திகை. ஓர்லி ஒரு வரி பாடினால் ஹோவர்ட் கையைத் தூக்கி நிறுத்துவார். "அந்த இடத்தில தண்ணி கூடுது பிள்ளை. உன்ர குரல் இன்னும் காய்ஞ்சு கிடக்கு. கொஞ்சம் நனை." அவள் ஒரு சொல்லை மறந்தால் மூன்று பக்கத்திலிருந்தும் மூன்று பேர் சொல்வார்கள். மூன்றும் வேறு வேறு சொல்லாக இருக்கும். இடையில் ஹோவர்ட் தன்னுடைய வசனத்தையும் ஒத்திகை பார்ப்பார். அவருக்கும் ஒன்று இருந்தது. பிள்ளை வாசித்து முடித்ததும் பெற்றவர் எழுந்து, இந்தப் பிள்ளையின் பொறுப்பிலிருந்து என்னை விடுவித்த இறைவனுக்கு நன்றி என்று ஒரு வரி சொல்வது வழக்கம். அந்த ஒரு வரியை அவர் உருக்கமாகச் சொல்லிப் பார்த்தார், கம்பீரமாகச் சொல்லிப் பார்த்தார், சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டும் சொல்லிப் பார்த்தார். பொருளைப் பற்றி மட்டும் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஒரு நாள் ஓர்லி எங்கள் வீட்டுக்கு வந்து, கோசிகா நடனம் பழகுகிற கராஜுக்குள் தானும் பழகலாமா என்று சிவனேஸ்வரியிடம் கேட்டாள்.

"வா பிள்ளை. உன்ர வீட்டில இடமில்லையோ?"

"இடமிருக்கு ஆன்ரி. ஆக்களும் இருக்கினம்." பிறகு சொன்னாள், "அண்டைக்கு ஒரு நாளாவது முழுக்க நானே சொல்லோணும். ஒரு சொல்லும் வேற ஆக்கள் சொல்லக் கூடாது. எனக்குப் பரிசு, பார்ட்டி ஒண்டும் வேண்டாம். அது மட்டும் போதும்."

சிவனேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. ஓர்லி போனதும், "இதென்ன சனமப்பா" என்று தொடங்கினாள். "பிள்ளை வாயைத் திறக்க முதல் தாய் திறக்கிறா. இப்பிடியும் இருப்பினமோ ஆக்கள்?" அன்றிலிருந்து அவள் ஓர்லியின் கட்சி.

அது 2009, ஊரில் போர் முடிந்த வருடம். அந்த வருடம் எங்கள் வீடுகள் எப்படி இருந்தன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மே மாதத்துக்குப் பிறகு நாங்கள் ரீவியை நிறுத்திவிட்டோம். சிவனேஸ்வரி சமைப்பாள், வேலைக்குப் போவாள், வருவாள், தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டாள். கோசிகாவும் நானும் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடந்துகொண்டிருந்தோம். அந்த அமைதிக்குள்தான் குசினிச் சுவருக்கு அப்பால், கராஜுக்குள் இருந்து, ஓர்லியின் குரல் வரத் தொடங்கியது. ஒரு சொல்லும் எங்களுக்கு விளங்காது. ஆனால் இராகம் இருந்தது, ஏறி இறங்கி ஒரு இடத்தில் வந்து தங்கும். ஓர்லி வருகிற நேரத்தில் சிவனேஸ்வரி தண்ணீர்க் குழாயை மெல்லத் திறக்கப் பழகினாள். ஆவணி போனது, புரட்டாதி போனது. ஒரு பின்னேரம் அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டே அந்த இராகத்தை முனகுவதைக் கேட்டேன். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அதனால் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

நாள் நெருங்க நெருங்க ஓர்லி ஒரு காரியம் செய்தாள். வாசிப்பு முடிந்ததும் சனம் பிள்ளையின் மேல் இனிப்பு எறிவது அவர்களுடைய வழக்கம், வாழ்க்கை இனிக்கட்டும் என்று. எறிவதற்கு மெத்தென்ற இனிப்பு வாங்கியிருந்தார்கள். ஓர்லி தன் காசில் இன்னொரு பெட்டி வாங்கினாள். அதற்குள் இருந்தது ரொஃபி, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் பிடித்தால் விடாத ரகம். வீட்டாரைக் கூட்டி வைத்துச் சொன்னாள்.

"நான் வாசிக்கத் தொடங்க முதல் முன் ரெண்டு வரிசையும் ஆளுக்கொண்டு வாயில போடோணும். போடாட்டி நான் வாசிக்கமாட்டன்."

"டைரக்டருக்குமோ?" என்றார் ஹோவர்ட்.

"டைரக்டருக்கு ரெண்டு."

அந்தச் சனிக்கிழமை விடிந்தது. லொரெய்ன் சேலையில் வந்தார். ஈஸ்ட் ஹாமில் சிவனேஸ்வரியோடு கடை கடையாக ஏறி, "மகளை மறைக்காத மாதிரி ஒண்டு" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் கல்யாணப் பெண்ணே கட்டத் தயங்குகிற ஒன்றை எடுத்திருந்தார். ஆண்கள் தலையில் சிறு தொப்பி வைக்க வேண்டும். என் வழுக்கையில் அது நிற்காமல் வழுக்கியபோது, ஹோவர்ட் சட்டைப் பையிலிருந்து பொய்முடி ஒட்டுகிற நாடாவை எடுத்து ஒட்டிவிட்டார். அந்த நாடா இல்லாமல் அவர் வீட்டை விட்டுப் புறப்படுவதில்லையாம்.

கெர்ஷன் குடும்பமும் நாடகக் குழுவும் முன்வரிசை. அதற்கு அடுத்த வரிசையில் நான், சிவனேஸ்வரி, கோசிகா. ரொஃபிப் பெட்டி கை மாறி வந்தது. ஹோவர்ட் இரண்டு போட்டார். லொரெய்ன் உதட்டுச் சாயம் கலையாமல் ஒன்று. ஸ்டான்லி அதைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, மருந்து விழுங்குகிற முகத்தோடு போட்டார். நான் போட்டேன், கோசிகா போட்டாள். சிவனேஸ்வரியிடம் பெட்டி வந்தபோது அவள் கையால் மறித்தாள்.

"நான் கந்தசஷ்டி விரதம். பின்னேரம் சூரன் போர் முடிஞ்சுதான் வாயில வைப்பன்."

ஹோவர்ட் கலவரத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். வாய் ஒட்டியிருந்ததால் கண்ணால் கேட்டார். நான் ரொஃபியை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கி, "பயப்படாதேங்கோ, அவவுக்கு உங்கட பாஷையில ஒரு சொல்லும் தெரியாது" என்றேன்.

ஓர்லி ஏறினாள். சாதாரண நீலச் சட்டை. சுருளை விரித்தார்கள். வெள்ளிக் குச்சி முதல் சொல்லைத் தொட்டது, குரல் எழுந்தது, எங்கள் கராஜுக்குள் கேட்ட அதே குரல்தான், ஆனால் இவ்வளவு பெரிய கூரைக்குக் கீழே அது வேறு உயரத்துக்குப் போனது. ஒரு வரி, இரண்டு வரி, பிழையில்லை. முன்வரிசையைப் பின்னாலிருந்து பார்க்க நல்ல வேடிக்கை. எல்லாத் தாடையும் பூட்டியபடி இருக்க, தோள்கள் தாளம் போட்டன. வெள்ளம் ஏற ஏற ஹோவர்ட்டின் கை தானாக மேலே போனது, லொரெய்ன் அதைப் பிடித்துத் தன் மடியில் அமத்திக்கொண்டார். கப்பல் மிதந்தது. கடைசி வரிகளுக்கு வந்துவிட்டாள்.

அங்கே குச்சி நின்றது. குரலும் நின்றது.

முதலில் யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. பிறகு எல்லாரும் நினைத்தார்கள். பக்கத்தில் நின்ற பெரியவர்கள் இருவரும் சுருளைப் பார்த்தார்கள், பிள்ளையைப் பார்த்தார்கள், பிழை ஒன்றும் சொல்லவில்லையே என்று காத்து நின்றார்கள். ரபாய் அசையவில்லை. முன்வரிசையில் ஹோவர்ட்டின் காது சிவந்தது, கழுத்து சிவந்தது. லொரெய்ன் சேலைத் தலைப்பைச் சுருட்டிக் கையில் சுற்றிச் சுற்றி முடித்துவிட்டார். ஸ்டான்லி கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டார், தொண்டைக்குள் ஏதோ உருளுகிறது, ரொஃபி விடவில்லை. பாவங்கள், உயிரைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் அன்று எனக்கு மரியாதை வந்தது.

அப்போது எனக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. தெளிவாக, இராகத்தோடு, சரியான சுருதியில், யாழ்ப்பாணத்து நாக்கில் ஹீப்ரு. அடுத்த நான்கு சொல்லும் அப்படியே வந்து விழுந்தன.

மேலே நின்ற பெரியவர்களில் ஒருவர், யார் சொன்னது என்றுகூடப் பாராமல், "சரி" என்று தலையாட்டினார். பிறகுதான் நிமிர்ந்தார். மண்டபம் முழுவதும் திரும்பியது. சிவனேஸ்வரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கோசிகா கதிரைக்குக் கீழே போய்விட்டாள். ஹோவர்ட் முழு உடம்போடு திரும்பி, தன் வாழ்நாளில் முதல் தடவையாக, இன்னொருவரைப் பார்த்து ரொஃபிக்குள்ளால் "ஷ்ஷ்ஷ்" என்றார்.

பிள்ளை கேட்டது அது ஒன்றுதானே? மூன்று பேரின் வாயைக் கட்டிப்போட்டுக் காத்த காரியத்தை, கட்சிக்காரியே கெடுத்துவிட்டாளே.

ஓர்லி எங்கள் வரிசையைப் பார்த்தாள். சிரித்தாள்.

"எனக்குத் தெரியும் ஆன்ரி," என்றாள் மேலே நின்றபடி. "நான் மறக்கேல்லை. இவை இப்பிடிச் சத்தமில்லாம இருந்து நான் ஒருநாளும் கண்டதில்லை. கொஞ்சம் பாத்துக்கொண்டு நிண்டனான்."

மண்டபம் சிரித்து அடங்கச் சற்று நேரம் எடுத்தது. பிறகு அவள் குச்சியை அந்த வரியின் தொடக்கத்துக்கே கொண்டுபோனாள். சிவனேஸ்வரி சொன்ன நான்கு சொல்லையும் திரும்பத் தன் வாயால் சொன்னாள். அதற்கு மேலும் சொன்னாள், கடைசிச் சொல்வரை சொன்னாள். யாருடைய உதடும் அசையவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஹோவர்ட்டின் முறை. எழுந்தார். கோட்டை இழுத்துவிட்டார். மாதக் கணக்கில் ஒத்திகை பார்த்த ஒரேயொரு வரி. வாயைத் திறக்கப் பார்த்தார், திறக்கவில்லை. இரண்டு ரொஃபியல்லவா? தாடையை இப்படி அசைத்தார், அப்படி அசைத்தார், கடைசியில் ஒருவழியாக விழுங்கினார். அதற்குப் பிறகும் வசனம் வரவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வரியின் பொருள் அப்போதுதான் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இனி இவள் சொல்ல வேண்டியதை இவளே சொல்வாள், உனக்கு விடுதலை என்கிற பொருள். கண்ணாடிக்குள் கண் நிறைந்துவிட்டது. லொரெய்ன் அழுதுகொண்டிருந்தார், எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் அழகாக இல்லாத அழுகை. எடுத்துக் கொடுக்க ஸ்டான்லிக்கு வாய் இல்லை. சிவனேஸ்வரிக்கு அந்த வரி தெரியாது, நல்ல காலம்.

ஓர்லி படியிறங்கி வந்து, அப்பாவின் கையைப் பிடித்து, முதல் சொல்லை மெதுவாக எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைச் சொன்னார். அடுத்த சொல்லைக் கொடுத்தாள். அதையும் சொன்னார். ஒவ்வொரு சொல்லாகக் கொடுத்து அந்த வரியைக் கரை சேர்த்தாள். உருக்கமும் இல்லை, கம்பீரமும் இல்லை, ஆனால் அந்த மனிதர் அதைவிட நன்றாக எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகு இனிப்பு பறந்தது. நாடகக் குழு குறி பார்த்து எறிந்தது. சிவனேஸ்வரி எறிந்த முதல் இனிப்பு ரபாயின் தோளில் பட்டது. பின்னேர விருந்துக்கு நாங்கள் நிற்கவில்லை, கோயிலுக்குப் போக வேண்டும். ஆனால் விருந்தில், அவர்களுடைய வழக்கப்படி, ஓர்லியைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு ஆடியபோது மேலே இருந்து அவள் ஹோவர்ட்டுக்கு, இடது பக்கம் பதியுது, கொஞ்சம் நிமிர்த்துங்கோ என்று டைரக்ஷன் கொடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

கோயிலுக்குப் போகிற வழியில் காருக்குள் சிவனேஸ்வரி அர்ச்சனைத் தட்டை மடியில் சரிப்படுத்தினாள். பிறகு, "இஞ்சேருங்கோ, நான் ஏன் அப்பிடிச் சொன்னனான்?" என்றாள்.

"எனக்கென்ன தெரியும்? அந்தச் சனமாவது முணுமுணுக்கிற சனம். நீர் ரேடியோவில வாசிக்கிற மாதிரியெல்லோ சொன்னனீர்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது. அழுகிறாளாக்கும் என்று பயந்து பார்த்தால், சிரிக்கிறாள். விரதக் களைப்பில் சத்தம் வராமல் சிரிக்கிறாள், நிறுத்த முடியாமல் சிரிக்கிறாள். பின் சீட்டில் கோசிகாவும் தொடங்கிவிட்டாள். மே மாதத்துக்குப் பிறகு சிவனேஸ்வரி சிரித்து நான் பார்த்தது அன்றுதான். காரை ஓரமாக நிறுத்திவிட்டு, அவள் சிரித்து முடிக்கும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹோவர்ட் இன்னும் அந்த நிறுத்தத்தைப் பற்றியே கதைக்கிறார். "என்ன நிறுத்தம் பத். எத்தனை நடிகர்கள் அதுக்காக ஏங்குறாங்கள். நான் சொல்லிக் குடுக்கேல்லை, லொரெய்ன் சொல்லிக் குடுக்கேல்லை. அப்ப ஆர்?" ஒருவரும் இல்லை என்றேன். அதைக் கேட்டுவிட்டு அவர் வேலிக்கு அந்தப் பக்கம் பேசாமல் நின்றார். அவர் பேசாமல் நிற்கப் பழகிக்கொண்டிருக்கிறார், பார்க்க நன்றாக இருக்கிறது.

மிச்ச ரொஃபிப் பெட்டி இப்போது எங்கள் வீட்டுப் பிரிஜ்ஜுக்கு மேலே இருக்கிறது. வருகிற ஈஸ்டர் விடுமுறையில் கோசிகாவின் அரங்கேற்றம். பெட்டியைக் கொண்டுவந்து வைத்தது அவள்தான். "அம்மாவுக்கு ஒண்டு, அப்பாவுக்கு ரெண்டு" என்றாள். எனக்கு எதற்கு, நான் வாயசைக்கிற ஆள் இல்லையே என்றேன். "அப்பா, நான் ஆடேக்க உங்கட கால் தட்டுற சத்தத்தில எனக்கு மிருதங்கம் கேக்கிறேல்லை" என்றாள். கால் தட்டுவதற்கு ரொஃபி என்ன செய்யும் என்று கேட்டேன். அதற்கு ஓர்லி வேறு ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறாளாம், பொய்முடி ஒட்டுகிற நாடாவாம்.

சரி, என்னை விடுங்கள், உங்களுக்கு வருகிறேன். வெள்ளிக் குச்சி நின்று, ஓர்லியின் குரலும் நின்ற இடத்தில், ஐயோ யாராவது எடுத்துக் கொடுங்களேன் என்று உங்களுக்குள்ளே ஏதாவது துடித்ததா? இல்லை என்று சொல்வீர்கள். கெர்ஷன் குடும்பமும் இல்லை என்றுதான் சொன்னது, சிவனேஸ்வரியும் சொன்னாள், நானும் சொன்னேன். ஆகவே உங்களைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை. வீட்டில் பிள்ளை இருந்தால் கூப்பிட்டு, என் உதடு அசைகிறதா என்று அதனிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதிலைப் பிள்ளையே சொல்லி முடிக்கும்வரை ஒரு ரொஃபியை வாயில் போட்டுக்கொண்டு காத்திருங்கள்.